ஸ்டூலுக்கு அடியில் பைபிள், அடுப்படியில் ஒற்றை ஏடு: ஒளித்துப் படித்தவர்களின் கதை தெரியுமா?

வீட்டில் யார் வேண்டுமானாலும் உட்காரும் மர ஸ்டூல் அது. கவிழ்த்துப் பார்த்தால் அடிப்பக்கத்தில் விரித்தபடி ஒரு பைபிள்! நாடாக்களால் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். குடும்பத் தலைவர் ஸ்டூலை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, நாடாவுக்கு அடியில் ஒவ்வொரு தாளாக நகர்த்தி வாசிக்கிறார். வீடே சுற்றி உட்கார்ந்து கேட்கிறது. வாசலில் ஒரு பிள்ளை காவல். மத நீதிமன்றத்துச் சேவகன் தலை தெரிந்ததும் பிள்ளை சைகை காட்டும். அடுத்த நொடி ஸ்டூல் நாலு காலில் நிமிர்ந்து நிற்கும். வந்தவன் அதிலேயே உட்கார்ந்தாலும் தெரியாது!

யார் வீடு தெரியுமா? மின்னலை ஆராய்ந்த பெஞ்சமின் பிராங்ளினின் எள்ளுத்தாத்தா வீடு! 1553 முதல் 1558 வரை கத்தோலிக்கரான மேரி அரசி ஆண்ட இங்கிலாந்தில் நடந்தது. பெரியப்பா வழியாகக் காதில் விழுந்த இந்தக் கதையை பிராங்ளின் மறக்காமல் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதி வைத்தார்.

ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். அவர்கள் ஒளித்தது நாத்திக நூலையா? ஆபாச நூலையா? தங்கள் சொந்த வேதத்தை! தாய்மொழியில் இருந்தது, அவ்வளவுதான் குற்றம். ஒளித்துப் படித்தவர்கள் என்றாலே மதத்தை உதறியவர்கள் என்று நினைத்துவிடுகிறோம். அவர்களில் எத்தனையோ பேர் நாள் தவறாமல் கும்பிட்டவர்கள், நோன்பு இருந்தவர்கள். படிக்கும் பசியை அவர்களுக்கு மூட்டிவிட்டதே பக்திதான். இதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபை தடை செய்த நூல்களுக்கு ஒரு பட்டியலே இருந்தது தெரியுமா? 1559இல் போப் நான்காம் பவுல் அதை வெளியிட்டார். ஒழிந்தது எப்போது? 1966இல்! நானூறு ஆண்டுகளுக்கு மேல். 1948இல் வந்த கடைசிப் பதிப்பில் ஏறக்குறைய 4,000 தலைப்புகள். இத்தனை நூற்றாண்டுகளில் அதில் ஏறியவர்களைப் பார்த்தால், கலிலியோ, தெக்கார்த், பாஸ்கல், கான்ட், விக்டர் ஹ்யூகோ, எமில் சோலா என்று ஐரோப்பிய அறிவுலகத்தின் வருகைப் பதிவேட்டைப் புரட்டுவது போல் இருக்கும். தாய்மொழி பைபிளுக்கே 1564இன் விதிப்படி எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். ஆனால் பட்டியலில் யார் இல்லை தெரியுமா? சார்லஸ் டார்வினின் உயிரினங்களின் தோற்றம் ஒருநாளும் அதில் ஏறவில்லை. அவருடைய தாத்தா எராஸ்மஸ் டார்வினின் நூல் ஏறியிருந்தது! ஹிட்லரின் மெய்ன் காம்ப்? அதுவும் ஏறவேயில்லை.

இன்னொன்று கேளுங்கள். 1616இல் கலிலியோவை அழைத்து எச்சரித்த கர்தினால் பெல்லார்மினின் நூலே ஒரு காலத்தில் இந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டது! போப்பாண்டவரின் உலகியல் அதிகாரத்தைக் குறைத்துச் சொல்லிவிட்டார் என்று 1590இல் ஐந்தாம் சிக்ஸ்துஸ் சேர்த்தார். பட்டியல் நடைமுறைக்கு வருமுன் சிக்ஸ்துஸ் இறந்துவிட்டதால் நூல் தப்பியது. அந்த பெல்லார்மின் 1930இல் புனிதராகவே அறிவிக்கப்பட்டார்!

பட்டியல் போட்டால் ஜனங்கள் படிக்காமல் இருந்துவிடுவார்களா? ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்துக்கு முதல் நூலகராக இருந்த தாமஸ் ஜேம்ஸ் என்ன செய்தார் தெரியுமா? ரோமாபுரியின் தடைப் பட்டியல்களைத் திரட்டி, 1627இல் அந்த நூலகத்தின் உபயோகத்துக்கென்று அச்சிட்டார். எதை எதைத் தேடி வாங்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல வழிகாட்டி கிடைக்குமா! வியன்னாவில் இன்னும் ஒரு படி மேலே. அங்கே தடை நூல் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே ஆட்கள் புத்தக வேட்டையில் இறங்கினார்கள். அதனால் 1777இல் அந்தப் பட்டியலையே தடை நூல் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்!

இனி நான் சொல்லப்போகும் சிறுவனை நீங்கள் மறக்கவே மாட்டீர்கள்.

1753ஐ ஒட்டி, இன்றைய பெலாரூஸில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவன் சாலமோன். அப்பா மத அறிஞர். பையன் யூத மதச் சட்ட நூலான தல்மூத் தவிர வேறு எதையும் தொடக்கூடாது என்பது அவர் கட்டளை. வீட்டில் ஒரு புத்தக அலமாரி. அதில் தல்மூத் அல்லாத சில எபிரேய நூல்கள். அப்பா வெளியே போன நேரம் பார்த்துப் பையன் அலமாரியைக் குடைகிறான். கையில் வந்து விழுகிறது வானவியல் நூல் ஒன்று! ஏழு வயதுப் பிள்ளைக்கு விண்மீன்களும் கோளங்களுமாகப் புது உலகமே திறந்துகொள்கிறது.

பகல் முழுக்க தல்மூத் பாடம். ஆக, இரவுதான். பாட்டியோடு ஒரே கட்டிலில் படுப்பவன் அவன். பைன் மரச் சிம்பைக் கொளுத்தி வைத்துக்கொண்டு வானவியலைப் படிக்கிறான். பேரன் வேத பாடத்தைத்தான் இத்தனை சிரத்தையாகப் படிக்கிறான் என்று பாட்டிக்கு நினைப்பு. நூலில் வானக் கோளத்தின் படம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்து, வளார்க் குச்சிகளை வளைத்து ஒரு கோளமே செய்து ஒளித்து வைத்தான். ஒருநாள் அது பாட்டி கண்ணில் பட்டுவிட்டது. வட்ட வட்டமாக வளைத்த குச்சிகள். பிள்ளை ஏதோ மந்திர தந்திரத்தில் இறங்கிவிட்டானோ என்று கிழவி பதறிப்போனாள்! அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அப்பாவுக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. உள்ளுக்குள் பூரிப்பு தாங்கவில்லை. ஆனாலும் தல்மூத்தை விட்டுவிட்டு இதிலெல்லாம் பொழுதைக் கழிக்காதே என்று கண்டித்தார். அந்த அப்பாவின் முகத்தைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள்!

அதோடு முடியவில்லை. அவனுக்கு ஜெர்மன் எழுத்தைக் கற்றுக்கொடுக்க ஊரில் ஆள் இல்லை. புறமத எழுத்தைப் படிப்பதே அங்கே பாவம். அவன் எப்படிக் கற்றான் தெரியுமா? அந்தக் காலத்துத் தடித்த எபிரேய நூல்களில், அச்சடித்த தாள்களை வரிசையாக அடுக்குவதற்காக ஒவ்வொரு தாளின் அடியிலும் ஓர் எழுத்தை அடையாளமாகப் போடுவார்கள். முதலில் எபிரேய எழுத்துகள். அவை தீர்ந்ததும்? லத்தீன், ஜெர்மன் எழுத்துகள்! பையன் அதைக் கவனித்துவிட்டான். இங்கே ‘அலெப்’ இருந்த இடத்தில் அங்கே இருப்பது ‘அ’வாகத்தான் இருக்க வேண்டும், ‘பேத்’ இருந்த இடத்தில் ‘ப’ என்று வரிசையை வைத்தே ஊகித்து, ஓர் அந்நிய நெடுங்கணக்கு முழுவதையும் தானே பிடித்துக்கொண்டான். புத்தகம் கட்டுகிறவருக்காகப் போட்ட அடையாளம், ஒரு பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஆகிவிட்டது! பிறகு எங்கிருந்தோ ஒரு பழைய ஜெர்மன் நூலின் சில தாள்கள் கையில் சிக்கின. எழுத்துக்கூட்டினான். வீட்டில் பேசிய இத்திஷ் மொழி ஜெர்மனுக்கு நெருங்கிய உறவு அல்லவா? பொருள் தானாக விளங்கத் தொடங்கியது.

வளர்ந்தபின் படிப்புக்காக பெர்லின் நோக்கி நடந்தார். நகர வாசலில் யூத ஏழைகள் விடுதி. யூத மெய்யியலாளர் மைமோனிதெஸ் எழுதிய நூலுக்குத் தான் உரை எழுதி வருவதை அங்கே ஒரு யூத மதகுருவிடம் ஆசையாகச் சொன்னார். பகுத்தறிவுப் படிப்பு தலைக்கேறியவன் என்று முத்திரை விழுந்தது. ஊருக்குள் விடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள்! சில ஆண்டுகள் கழித்து மீண்டும் வந்தார். இம்மானுவேல் கான்ட்டின் மெய்யியலை விமர்சித்து எழுதினார். கையெழுத்துப் பிரதியைப் பார்த்த கான்ட் 1789இல் தன் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், தன்னை விமர்சித்தவர்களில் இவர் அளவுக்கு யாருமே தன்னைப் புரிந்துகொள்ளவில்லை என்று ஒப்புக்கொண்டார். சாலமோன் மைமோன் என்று மெய்யியல் வரலாற்றில் நிலைத்த அந்தப் பெயரில் பாதி, பெர்லின் வாசலில் அவரைத் திருப்பி அனுப்ப வைத்த அதே மைமோனிதெஸின் நினைவாக அவரே சூட்டிக்கொண்டது!

சரி, தடை செய்த நூல் உங்களிடம் இருக்கிறது. இன்னின்ன வரிகளை அடித்துவிட்டுப் படிக்கலாம் என்று ஆணை வருகிறது. என்ன செய்வீர்கள்? கோபர்னிகஸ் நூலுக்கு இதுதான் நடந்தது. 1543இல் வந்த நூல். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றவர் யார்? ஒரு தேவாலயத்தின் நிர்வாகக் குழுவில் இருந்த கத்தோலிக்கர்! 1616இல் ரோம் அதை நிறுத்தி வைத்தது. 1620இல் திருத்தப் பட்டியல் வந்தது. ஓவன் கிஞ்சரிச் என்ற அமெரிக்க வானவியல் வரலாற்றாசிரியர், உலகெங்கும் மிஞ்சியிருந்த ஏறக்குறைய 600 பிரதிகளைப் பல ஆண்டுகள் அலைந்து நேரில் புரட்டிப் பார்த்தார். இத்தாலியில் இருந்த பிரதிகளில் பாதிக்கும் மேல் ஆணைப்படி அடிக்கப்பட்டிருந்தன. மற்ற நாடுகளில் கிட்டத்தட்ட யாருமே கை வைக்கவில்லை! எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது கலிலியோவின் சொந்தப் பிரதி. அவர் கீழ்ப்படிந்தார், அடித்தார். எப்படி? அடியில் இருப்பதைத் தாராளமாகப் படிக்கலாம், அவ்வளவு மெல்லிய கோடு! விசுவாசமும் அறிவும் ஒரே பேனாவில் ஓடிய அந்தக் கோட்டுக்கு ஈடான ஓவியம் உண்டா?

இப்போது சுவருக்குள் போவோம். 1992, ஸ்பெயினில் பார்க்கரோட்டா என்ற சிற்றூர். பழைய வீட்டைப் பழுது பார்க்கிறார்கள். சுவரை இடித்ததும் உள்ளே பத்து அச்சு நூல்கள், ஒரு கையெழுத்துப் பிரதி! நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே மூச்சுவிடாமல் இருந்தவை. 16ஆம் நூற்றாண்டு டச்சு அறிஞர் எராஸ்மஸின் நூல் ஒன்று, கைரேகை சாத்திரம், கூடவே ஸ்பானிய நாவலுக்கு முன்னோடியான லாசரில்யோவின் 1554ஆம் ஆண்டுப் பதிப்பு ஒன்று. அப்படி ஒரு பதிப்பு இருந்ததே அதுவரை உலகத்துக்குத் தெரியாது! 1559இல் ஸ்பெயினின் தடைப் பட்டியலில் ஏறிய நூல் அது. யாரோ ஒருவர் எரிக்க மனம் வராமல் செங்கல்லுக்குப் பின்னால் வைத்துப் பூசிவிட்டார். சுவருக்கு வெளியே உலவிய அந்தப் பதிப்பின் பிரதிகள் கிழிந்து மறைந்துபோயின. சிறைப்பட்டது பிழைத்துக்கொண்டது. இன்று பாதகோஸ் நகரில் உள்ள நூலகம் ஒன்றில் பத்திரமாக இருக்கிறது.

அதற்கும் முன்னால், 1884இல், அதே ஸ்பெயினில் அல்மொனாசித் என்ற ஊரில் நடந்தது நெஞ்சைப் பிசையும். பழைய வீட்டை இடித்தபோது தரைக்கு அடியில் இன்னொரு தரை! நடுவில் நூற்றுக்கு மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள். ஒவ்வொன்றும் துணியில் சுற்றி, ஈரம் அண்டாமல் இருக்கச் சிறு உப்புக்கல்லோடு. வெளியே ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர்களாகவும் வீட்டுக்குள் முஸ்லிம்களாகவும் வாழ்ந்த மொரிஸ்கோக்களின் நூல்கள் அவை. 1609இல் தொடங்கி அவர்களை நாட்டைவிட்டே துரத்தினார்கள். திரும்பி வருவோம் என்று நம்பித்தானே உப்புக்கல் வைத்திருப்பார்கள்! நூல்கள் பலவற்றின் மொழி ஸ்பானிஷ், எழுத்தோ அரபு. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் முஸ்லிம் மக்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அர்வியை அறிந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். மதிப்புத் தெரியாமல் ஊர்ப் பிள்ளைகள் பல பிரதிகளைத் தீமூட்டி விளையாடிவிட்டார்கள். கடைசி நேரத்தில் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் பார்த்து மிச்சத்தைக் காப்பாற்றினார்!

இத்தாலியில் மெனோக்கியோ என்று ஒரு மாவு மில்காரர் இருந்தார் தெரியுமா? 16ஆம் நூற்றாண்டு. வெனிஸில் இரண்டு சோல்திக் காசுக்கு ஒரு நூல் வாங்கினார். மற்றவை பெரும்பாலும் இரவல். படித்ததையெல்லாம் தன் மனத்தில் அரைத்து, பால் உறைந்து பாலாடைக்கட்டி ஆவது போல் உலகம் உருவானது, அதில் புழுக்கள் தோன்றுவது போல் தேவதூதர்கள் தோன்றினார்கள் என்று ஊரெல்லாம் பேசினார். மத நீதிமன்றத்தார் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டாம் விசாரணையில் நீதிபதிகளுக்கே கதை சொன்னார்: ஒரு தந்தை, மூன்று பிள்ளைகள், மூன்று மோதிரங்கள், எது அசல் என்று யாருக்கும் தெரியாது, யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம் என்ற மூன்று மதங்களும் அப்படித்தான்! இத்தாலிய எழுத்தாளர் பொக்காச்சியோவின் நூலில் திருச்சபை மாற்றி எழுத வைத்த கதை அது. மாற்றாத பழைய பிரதி இவர் கைக்கு வந்திருக்கிறது. 1599இல் மரண தண்டனை. ஒரு மில்காரர், ஒரு டஜன் புத்தகத்துக்குள் படித்து, அதிலிருந்து தனக்குத் தோன்றியதை வெளியே பேசியதற்காக.

மெக்சிகோவில் சோர் ஹுவானா என்ற கன்னியாஸ்திரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. புத்தகத்தைத் தொடாதே என்று மடத்துத் தலைவி உத்தரவிட்டார். மூன்று மாதம் போல அப்படியே கீழ்ப்படிந்தார். சமையலறையில் முட்டை எண்ணெயில் திரள்வதையும் சர்க்கரைப் பாகில் சிதறுவதையும் ஆராய்ந்தார். பிள்ளைகள் சுற்றிய பம்பரத்தின் கீழே மாவைத் தூவச் சொல்லி, அது போடும் சுருள் கோட்டைக் கண்டார். புத்தகம் பறிபோனதும் உலகமே அவருக்குப் புத்தகமாகிவிட்டது!

சமையலறை என்றதும் வங்காளத்துக்கு வர வேண்டும். ராசசுந்தரி தேவி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் கல்யாணம். வைணவக் குடும்பம். படித்த பெண் விதவையாவாள் என்று ஊர் நம்பிய காலம். அவருடைய ஆசை என்ன தெரியுமா? சைதன்ய பாகவதத்தைத் தன் கண்ணால் படிக்க வேண்டும், அவ்வளவே! படிக்கும் வரம் கொடு என்று கடவுளிடமே வேண்டினார். ஒருநாள் கணவர் அந்த நூலைக் கொண்டுவந்து வைக்கும்படி மகனிடம் சொன்னது காதில் விழுந்தது. யாரும் இல்லாத நேரத்தில், கட்டு அவிழ்த்து ஒரே ஒரு ஏட்டை உருவிக்கொண்டார். மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்றையும் எடுத்துக்கொண்டார். இரண்டையும் அடுப்படியில் ஒளித்தார். வலக்கை கிண்டுகிறது, இடக்கையில் ஏடு. முக்காட்டுக்குள் குனிந்து ஓர் எழுத்து பார்ப்பார். ஓலையில் இருக்கும் எழுத்தோடு ஒப்பிடுவார். சின்ன வயதில், வீட்டில் நடந்த பையன்கள் பள்ளிக்கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து காதால் வாங்கிய எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பன்னிரண்டு பிள்ளைகள் பெற்றவர். அத்தனை வேலைக்கும் நடுவில் எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டிப் படித்தே தீர்த்தார். வங்காள மொழியின் முதல் சுயசரிதையை எழுதியவர் யார் தெரியுமா? அந்த ராசசுந்தரிதான்! நூலின் பெயர் ‘ஆமார் ஜீபன்’, என் வாழ்க்கை.

தன் மதத்தார் வேண்டாம் என்ற நூலைத் தேடிப் படித்த பக்தர் நம் மண்ணிலும் உண்டு. சைவச் சோழன் அநபாயன் சமண காவியமான சீவக சிந்தாமணியில் மூழ்கிக் கிடந்தான், அதைக் கண்டு வருந்திய அமைச்சர் சேக்கிழார் அடியார் வரலாறுகளைச் சொல்லித் திருப்பினார், அப்படிப் பிறந்ததே பெரியபுராணம் என்பது சேக்கிழார் புராணம் சொல்லும் வரலாறு. அந்தச் சிந்தாமணியைப் படிப்பது வீண் என்று திருவாவடுதுறை ஆதீனத்தின் சுவாமிநாத தேசிகர் இலக்கணக்கொத்தில் கடிந்து எழுதினார். அதே ஆதீனத்தில் பாடம் கேட்டு வளர்ந்தவர்தான் உ.வே.சாமிநாதையர்! 1880இல் சேலம் இராமசுவாமி முதலியார் சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்டபோது அவரிடம் பதில் இல்லை. கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்கு நடையாய் நடந்து சந்தேகம் கேட்டார். திருநீறு அணிந்த அந்தக் கைகள் 1887இல் சிந்தாமணியை அச்சேற்றின. சைவர் ஒருவர் சமண நூலைப் பதிப்பிக்கலாமா என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். அவர் நிறுத்தவில்லை.

இத்தாலிய மில்காரர் மெனோக்கியோ நினைவிருக்கிறாரா? அவருடைய விசாரணை ஏடுகளைத் தோண்டி எடுத்து 1976இல் உலகறிய எழுதியவர் கார்லோ கின்ஸ்பர்க் என்ற வரலாற்றாசிரியர். 1979இல் அவர் போப் இரண்டாம் ஜான் பவுலுக்கு ஒரு கடிதம் எழுதினார்: ரோமின் விசாரணை ஆவணங்களை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடுங்கள். 1998இல் அந்த ஆவணக் காப்பகம் திறந்தே விட்டது!

உங்கள் வீட்டுப் பாட்டியும் அரிசிப் பானைக்குள்ளோ, மடித்த புடவைக்கு நடுவிலோ ஏதாவது ஒரு புத்தகத்தை ஒளித்துப் படித்திருக்கக்கூடும். பூசை புனஸ்காரம் விடாத பாட்டியாக இருந்தால் கட்டாயம் கேளுங்கள். “என்ன புத்தகம் பாட்டி, எங்கே ஒளிச்சு வச்சீங்க, யார் கண்டுபிடிச்சாங்க?” என்று இன்று ராத்திரியே கேட்டு, அவர் சொல்வதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.